மூடிய அறையில் எரியும் நெருப்பு

மனிதன் நெருப்பைக் கண்டறிந்த நாள்முதல் அது அவனுடைய உற்ற தோழனாக விளங்கி வருகிறது. சோறு சமைக்கிறோம், வெந்நீர் வைக்கிறோம், குளிர் காய்கிறோம், இருளகற்றுகிறோம். ஆலயப் பீடத்தில் எரியும் மெழுகுதிரியும், தூபக்கலசத்தில் கனலும் கரியும்கூட நெருப்பின் தொண்டுகளே. ஆயினும் இந்தத் தோழனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதற்கும் நம்மைப்போல் மூச்சு வேண்டும். அது விடும் மூச்சு வெளியே போக வழியும் வேண்டும். இவ்விரண்டையும் மறுத்து, கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு அதை அறைக்குள் எரியவிட்டால், தோழனே எமனாகி விடுகிறான்.

புகைபோக்கி இல்லாமல் அறைக்குள் எரியும் கேஸ் ஹீட்டர், குளியலறைக் கேஸ் கெய்சர், கரி அடுப்பு முதலியவற்றால் விளையும் ஆபத்தைப் பற்றியும், அதைத் தடுக்கும் வழிகளைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

"நாம் இருப்பதோ காட்டுப்பள்ளிக் கடற்கரை. மார்கழியிலும் ஒரு போர்வை போதும். நமக்கு ஹீட்டர் எதற்கு? அதன் நச்சுக்காற்றைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று சில தோழியர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எட்டு உயிர்கள் அணைந்த இரவு

2020ஆம் ஆண்டு சனவரி மாதம். கேரளத்திலிருந்து நேபாளத்திற்குச் சுற்றுலா சென்ற பதினைந்து பேர், பொக்காராவைக் கண்டு களித்துத் திரும்பும் வழியில் மக்வான்பூர் மாவட்டத்திலுள்ள தாமன் என்னும் மலையூரில் இரவு தங்கினர். கடுங்குளிர். அவர்களுள் எட்டுப் பேர், இரண்டு தம்பதியரும் நான்கு குழந்தைகளும், ஒரே அறையில் படுத்தனர். குளிரைப் போக்க அந்த அறையில் கேஸ் ஹீட்டர் ஏற்றப்பட்டது. கதவும் சன்னல்களும் உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தன. மறுநாள், சனவரி 21 காலையில், கதவைத் திறந்தபோது எட்டுப் பேரும் நினைவிழந்து கிடந்தனர். ஹெலிகாப்டரில் காட்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை.

அங்கே தீப்பற்றவில்லை. சிலிண்டர் வெடிக்கவில்லை. யாரும் அலறவில்லை. உறங்கியவர்கள் எழவில்லை, அவ்வளவுதான்.

இது வெளிநாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2024 ஆகஸ்டு மாதம் நம் கொடைக்கானலில், விடுதி அறைக்குள் கரி அடுப்பைக் கனலவிட்டு உறங்கிய இளைஞர் இருவர் இறந்தனர். இறைச்சி சுடுவதற்காக மூட்டிய அடுப்பு அது. 2025 அக்டோபரில் கர்நாடகத்தில், மைசூர் மாவட்டம் பிரியாப்பட்டணாவில், குளிக்கச் சென்ற அக்காள் தங்கை இருவர் குளியலறையிலேயே உயிரிழந்தனர். அங்கே ஓடிக்கொண்டிருந்தது கேஸ் கெய்சர். இடங்கள் வேறு, கருவிகள் வேறு. ஆனால் கொன்றவன் ஒருவனே. அவன் பெயர் கார்பன் மோனாக்சைடு.

கார்பன் மோனாக்சைடு என்பது யாது?

விறகு, கரி, மண்ணெண்ணெய், பெட்ரோல், சமையல் கேஸ் ஆகிய எல்லா எரிபொருள்களிலும் கார்பன் உண்டு. அது போதிய பிராணவாயுவுடன் சேர்ந்து முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். பிராணவாயு போதாமல் அரைகுறையாக எரிந்தால், ஒரு கார்பன் அணுவுடன் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணை எரிக்காது, இருமலையும் வரவழைக்காது.

நம் பகுதியினர் இந்த வேறுபாட்டை எளிதில் உணரலாம். 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பலர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஆயினும் அதன் நெடியே உறங்கியவர்களை எழுப்பியது; குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓட வைத்தது. கார்பன் மோனாக்சைடு அப்படி எழுப்பாது. மாறாக, உறங்குபவரை மேலும் ஆழ்ந்து உறங்க வைக்கும்.

சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் வருகிறதே என்று கேட்கலாம். கேஸுக்கு இயற்கையில் நாற்றமே கிடையாது. கசிவைக் கண்டுபிடிப்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளை அதில் கலக்கிறார்கள். கேஸ் எரியும்போது அந்த நாற்றப் பொருளும் எரிந்துபோகிறது. ஆகவே கசியும் கேஸுக்கு மூக்கு காவல். எரிந்த கேஸின் நச்சுக்கு மூக்கு காவல் அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பலரும் ஏமாறும் இடம்.

இரத்தத்தில் நடப்பது என்ன?

நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஓர் ஓடக்காரன் போன்றது. நுரையீரல் கரையில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு, உடலின் மூலை முடுக்கெல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும். கார்பன் மோனாக்சைடு அந்த ஓடத்தில் ஏறினால் இறங்க மறுக்கிறது. பிராணவாயுவைவிட ஏறத்தாழ 200 முதல் 250 மடங்கு இறுக்கமாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அதனால் காற்றில் அது சிறிதளவே இருந்தாலும் மணிக்கணக்கில் சுவாசித்தால் இரத்தத்தில் பெருகிவிடும். பிராணவாயு கரையில் காத்துக் கிடக்கும், ஓடத்தில் இடமிராது. முதலில் தவிப்பவை மூளையும் இதயமும்.

இந்த உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விளக்கினார். பின்னர் இங்கிலாந்தில் ஜே. எஸ். ஹால்டேன் என்பவர், நிலக்கரிச் சுரங்க விபத்துகளில் இறந்தவர்களுள் பெரும்பாலோர் வெடியால் அன்று, இந்த வாயுவால் இறந்தனர் என்று 1896இல் எடுத்துரைத்தார். அவர் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தி இந்த வாயுவைச் சுவாசித்துப் பார்த்தவர். சிறு உயிரினங்கள் நம்மைவிட விரைவாக மூச்சுவிடுவதால் முதலில் மயங்கும் என்று கண்டு, அவற்றைச் சுரங்கத்திற்குள் எடுத்துச் செல்லும்படி சொன்னவரும் அவரே. கூண்டில் ஒரு கேனரிக் குருவியுடன் தொழிலாளர் இறங்கும் வழக்கம் இப்படித்தான் பரவியது. பிரிட்டனில் 1986 வரை இவ்வழக்கம் நீடித்தது.

அந்தக் குருவியிடம் நமக்கு ஒரு பாடம் உண்டு. வீட்டில் விரைவாக மூச்சுவிடும் சிற்றுயிர் எது? கைக்குழந்தை அன்றோ! பெரியவர்களுக்கு இலேசான தலைவலி தொடங்கும்போதே குழந்தை சோர்ந்து துவளக்கூடும். கருவுற்ற தாயின் வயிற்றிலுள்ள சிசுவுக்கோ இன்னும் ஆபத்து அதிகம். சிசுவின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்வதால் அது மெதுவாகவே நீங்கும். தாய் தேறிய பின்னும் சிசு தேறாமல் போகலாம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

கணக்கு என்றதும் தோழியர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு கிலோ சமையல் கேஸ் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்தபின் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் உண்டாகும். கேஸ் ஹீட்டர் எரியும் அறையில் சன்னல் கண்ணாடி வியர்த்துச் சுவர் ஈரமாவது இந்த நீராவியால்தான்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவும் பத்தடி உயரமும் உள்ள அறையில் ஏறத்தாழ 34 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. நடுத்தரமான கேஸ் ஹீட்டர் மணிக்கு சுமார் 300 கிராம் கேஸை எரிக்கிறது என்று கொள்வோம். அறை முற்றிலும் அடைபட்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் பிராணவாயு 21 பங்கிலிருந்து 19 பங்குக்குக் கீழே இறங்கும். இரண்டாம் மணி முடிவில் 16 பங்கை நெருங்கும். பிராணவாயு குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிய எரிய நச்சு வாயு பெருகும். உறங்குபவர்களின் மூச்சும் அதே காற்றில்தான். இதுவே அந்த அறைகளில் நடப்பது.

குளியலறைக் கணக்கு இன்னும் அஞ்சத்தக்கது. ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரம் என்றால் 8 கன மீட்டர் காற்றுதான். கேஸ் கெய்சரோ மணிக்கு ஒரு கிலோ அளவுக்குக் கேஸை எரிக்க வல்லது. குளிர் என்று வெண்டிலேட்டரை அட்டையால் அடைத்து, கதவிடுக்கில் துணியைச் செருகிவிட்டுப் பத்தே நிமிடம் அதை ஓடவிட்டால், பிராணவாயு 16 பங்குக்கு இறங்கிவிடும். தலைக்கு ஊற்றிக்கொண்டு நிதானமாகக் குளிப்பவருக்குப் பத்து நிமிடம் போதாதே!

இனி நச்சின் அளவைப் பார்ப்போம். பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 800 பங்கு இருந்தால் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மணி நேரத்திற்குள் மயக்கமும் உண்டாகும். 1,600 பங்கு என்றால் ஓரிரு மணி நேரத்தில் மரணம். 12,800 பங்கு என்றால் மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனமோ ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 30 பங்குக்கு மேல் போகலாகாது என்று 2010இல் வரையறுத்துள்ளது.

புகையில்லாத கரியும் புகைக்கும்

"நெருப்பில்லாமல் புகையாது" என்பது பழமொழி. புகையில்லாமல் நெருப்பு கொல்லும் என்பதை நாம் அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். விறகு புகைந்தால் கண் எரியும். நாமே எழுந்து சன்னலைத் திறப்போம். நன்றாகக் கனிந்த கரி புகைவதில்லை. சிவந்து அழகாகக் கனலும். "புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே கொண்டுவரலாம்" என்று கணப்புச்சட்டியை அறைக்குள் வைக்கிறார்கள். உண்மையில் ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலேயுள்ள செந்தணல் வழியே செல்லும்போது மீண்டும் கார்பனுடன் கூடிக் கார்பன் மோனாக்சைடாக மாறி வெளிவருகிறது. சாம்பல் பூத்தபின்னும் உள்ளே கனல் இருக்கும்வரை அது வெளிவந்துகொண்டே இருக்கும்.

பெரிய வெள்ளியை அடுத்த பாஸ்கா திருவிழிப்பில் புது நெருப்பை ஆலயத்திற்கு வெளியே மூட்டி மந்திரிப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அதற்குரிய பொருள் வேறு. ஆயினும் பெருநெருப்பின் இடம் வெளிமுற்றமே என்ற நல்ல பழக்கத்தையும் அதிலிருந்து நாம் கற்கலாம்.

நம் ஊரில் எங்கே ஆபத்து?

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். அறையைச் சூடாக்கும் ஹீட்டர் நம் வீடுகளில் இல்லைதான். ஆனால் அதன் உடன்பிறப்புகள் பல நம்மிடையே உள்ளன.

முதலாவது, கேஸ் கெய்சர். மின்கட்டணம் குறையும், நொடியில் வெந்நீர் வரும் என்று பல வீடுகளில் இதைப் பொருத்துகிறார்கள். பல இடங்களில் சிலிண்டரும் கெய்சரும் குளியலறைக்கு உள்ளேயே இருக்கின்றன.

இரண்டாவது, சாம்பிராணிச் சட்டி. பிள்ளை பெற்ற வீட்டில் காற்றுப் படக்கூடாதென்று சன்னலை அடைத்து, தாயையும் சேயையும் உள்ளே வைத்து, தணலில் சாம்பிராணி போடும் வழக்கம் நமக்கு உண்டு. தலை துவட்டிய கையோடு ஒரு நிமிடம் காட்டிவிட்டுச் சட்டியை வெளியே எடுத்துவிட்டால் பெரிய தீங்கில்லை. "இருக்கட்டும், அறை கதகதப்பாக இருக்கும்" என்று கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதுதான் தவறு. பாட்டிமார் காலத்து வீடுகளில் ஓட்டு இடுக்கிலும் கூரை இடுக்கிலும் காற்று புகுந்து வெளியேறியது. இன்றைய காங்கிரீட் வீட்டில் அந்த இடுக்குகள் இல்லை. பழக்கம் பழையது, வீடோ புதியது. இதைப் பாட்டியிடம் பணிவாக எடுத்துச் சொல்வது பேத்தியின் கடமை.

மூன்றாவது, ஜெனரேட்டர். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அடித்தபோது நம் பகுதி மின்சாரமின்றித் தவித்ததை மறந்திருக்க மாட்டோம். மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரைக் கூடத்திலோ, மாடிப்படிக்கு அடியிலோ, கடைக்குள்ளோ வைத்து ஓட்டினால் அது வெளிவிடும் நச்சு, ஒரு வீட்டையே நிரப்பிவிடும்.

நான்காவது, தொழிலாளர் தங்கும் அறைகள். துறைமுகத்திலும், கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் வேலை செய்ய வெளி மாநிலங்களிலிருந்து வந்தோர் ஒரே அறையில் பலராகத் தங்கிச் சமைத்து உண்டு உறங்குகின்றனர். கொசுவுக்கு அஞ்சிச் சன்னலை அடைத்துவிட்டு அடுப்பை எரியவிடும் அறைகளும் உண்டு. அவர்களும் நம் அயலார் என்பதை மறக்கலாகாது.

ஐந்தாவது, சுற்றுலா. விடுமுறையில் குடும்பத்தோடு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் போகிறோம். அங்கே மாலையானால் "ரூமுக்குள் கணப்பு வேண்டுமா?" என்று கேட்பார்கள். கடற்கரையில் வளர்ந்த நமக்குக் குளிர் தாங்காது, உடனே தலையாட்டிவிடுவோம். குளிர்நாட்டார் அறிந்த ஆபத்து நமக்குப் பழக்கமில்லை என்பதால் நமக்கே அதிக எச்சரிக்கை வேண்டும்.

குளிர்சாதனம் ஓடினால் புதுக்காற்று வரும் என்று சிலர் நினைக்கின்றனர். வீடுகளிலுள்ள பெரும்பாலான ஏ.சி. இயந்திரங்கள் அறையிலுள்ள அதே காற்றைத்தான் இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகின்றன. அவை நச்சை வெளியேற்றுவதில்லை.

உடனே கொல்லாவிட்டாலும்

சரியாக எரியும் ஹீட்டரும் முற்றிலும் தீங்கற்றதன்று. கேஸ் சூடாக எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனுடன் கூடி நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. இது மூச்சுக்குழலைப் புண்படுத்தும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பள்ளி வகுப்பறைகளில் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர்களை நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். பெற்றோர் பலர் குறை கூறவே, சிட்னியிலுள்ள வுல்காக் ஆய்வு நிறுவனத்தார் 22 பள்ளிகளில் ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். புகைபோக்கியுள்ள ஹீட்டர் இருந்த நாள்களைவிட, அது இல்லாத ஹீட்டர் எரிந்த நாள்களில் வகுப்பறையில் நைட்ரஜன் டை ஆக்சைடு ஏறத்தாழ 1.8 மடங்கு இருந்தது. ஒவ்வாமை இயல்புள்ள மாணவர்களிடம் இருமலும் மூச்சிரைப்பும் அதிகமாயின. அதன்பின் அரசு அந்த ஹீட்டர்களைப் படிப்படியாக மாற்றத் தொடங்கியது. பெற்றோரின் குரலும் அறிவியலின் சான்றும் சேர்ந்தால் பள்ளிக்கூடக் காற்றையே மாற்றலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சில நாடுகளில் விற்கும் ஹீட்டர்களில், அறையில் பிராணவாயு 18 பங்கு அளவுக்குக் குறைந்ததும் தானே அணைந்துவிடும் உணர்கருவி உண்டு. அது நல்ல காவல்தான். ஆயினும் அது பிராணவாயுவை மட்டுமே கவனிக்கிறது. அழுக்கடைந்த பர்னரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை அது அளப்பதில்லை. ஆகவே கருவியை நம்பிக் கதவை அடைப்பது பேதைமை.

நம் கண்முன்னேயே ஒரு பெரிய பாடம் நிற்கிறது. காட்டுப்பள்ளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் ஓங்கிய புகைபோக்கிகள் தெரிகின்றன. கற்றறிந்த பொறியாளர்கள் நடத்தும் அவ்வளவு பெரிய உலைக்கே புகைபோக்கி வேண்டும் என்றால், நம் படுக்கைக்கு அருகே எரியும் சிறு உலைக்கு வேண்டாமா?

அறிகுறிகளை அறிவோம்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி, களைப்பு, நெஞ்சு படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றைப் "பித்தம்" என்றும், "நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்றும் எண்ணிப் படுத்துவிடுபவர் பலர். காய்ச்சல் இல்லாமல், ஒரே வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே சென்றதும் நீங்கினால் அது நச்சுக்காற்றாக இருக்கலாம். குளியலறையில் விழுந்து கிடப்பவரை "வழுக்கி விழுந்தாள்" என்றோ, "வலிப்பு வந்தது" என்றோ முடிவு கட்டுமுன், உள்ளே கேஸ் கெய்சர் ஓடியதா என்று பார்க்க வேண்டும். இரவில் உறங்கியவர் காலையில் இறந்து கிடந்தால் "காற்று கருப்பு அடித்துவிட்டது" என்று கூறுவோர் இன்றும் உளர். அடித்தது காற்றுதான், ஆனால் அது பேய்க்காற்று அன்று, அடுப்பிலிருந்து வந்த காற்று.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி பல வீடுகளில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை அது பிராணவாயு ஏறிய இரத்தம் என்றே தவறாகக் காட்டும். உயிர் ஊசலாடும்போதும் 98 என்று காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடலாகாது. இரத்தப் பரிசோதனையே உண்மையைக் கூறும்.

வருமுன் காக்கும் வழிகள்

1. உறங்கும் அறையில் கரி அடுப்பு, கணப்பு, புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர், மண்ணெண்ணெய் அடுப்பு எதையும் எரியவிடக் கூடாது. சன்னலைச் சிறிது திறந்து வைத்தோம் என்பது சமாதானம் ஆகாது. குளிருக்குக் கம்பளியும் காலுறையும் போதும்.

2. கேஸ் கெய்சரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்தி, வெந்நீரைக் குழாய் வழியே உள்ளே கொண்டுவர வேண்டும்.

3. உள்ளே பொருத்தியதை உடனே மாற்ற இயலாதவர்கள், கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கெய்சரை அணைத்துச் சற்று நேரம் காற்றாடவிட்ட பின்பே கதவைச் சாத்திக் குளிக்க வேண்டும். மாற்றும்வரைக்கும் இது தற்காலிக ஏற்பாடுதான்.

4. வெண்டிலேட்டரை அட்டையாலோ பாலித்தீனாலோ அடைக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் விசிறி மட்டும் போதாது. வெளிக்காற்று உள்ளே வரக் கீழே ஒரு திறப்பும் வேண்டும்.

5. சுடரைக் கவனிக்க வேண்டும். நல்ல கேஸ் சுடர் நீலமாக இருக்கும். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்யத் தக்கவரை அழைக்க வேண்டும். நீலச் சுடராயினும் அடைபட்ட அறையில் ஆபத்தே.

6. ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே, கதவு சன்னல்களுக்கு எட்டத்தில் வைக்க வேண்டும்.

7. சாம்பிராணி போட்டவுடன் தணலை வெளியே கொண்டுபோய் நீர் தெளித்து அணைக்க வேண்டும். தாயும் சேயும் இருக்கும் அறையில் ஒரு சன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

8. வசதியுள்ளோர் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி மாட்டலாம். அதுவே இக்காலக் கேனரிக் குருவி.

ஆபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் கதவு சன்னல்களை எல்லாம் திறக்க வேண்டும். உள்ளே கிடப்பவரைத் தூய காற்றுக்கு இழுத்து வர வேண்டும். நச்சு நிறைந்த அறைக்குள் தனியே நுழைந்து நின்று அடுப்பை அணைக்க முயன்றால் காப்பாற்றப் போனவரும் விழுவார். ஆகவே துணைக்கு ஆளை அழைத்து, விரைந்து சென்று விரைந்து வெளியே வர வேண்டும். 108க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். மூச்சு நின்றிருந்தால் பயிற்சி பெற்றவர் செயற்கைச் சுவாசமும் இதய அழுத்தமும் அளிக்க வேண்டும். மருத்துவரிடம் மறவாமல் "மூடிய அறையில் அடுப்பு எரிந்தது" என்று கூற வேண்டும். இந்த ஒரு வாக்கியம் நோயைக் கண்டுபிடிக்கப் பேருதவி புரியும்.

சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள இந்த நச்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய பிராணவாயு கொடுத்தால் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். தலைவலி தணிந்துவிட்டதே என்று வீட்டிலேயே படுத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டியதன் காரணம் இதுவே. பிழைத்தவர்களுள் சிலருக்கு நாள்கள் அல்லது வாரங்கள் கழித்து மறதியும் தடுமாற்றமும் தோன்றுவதுண்டு. ஆகவே மருத்துவர் சொல்லும் காலம்வரை மீண்டும் சென்று காட்டுதல் நலம்.

சமையல் கேஸ் நாற்றம் வந்தால் செய்ய வேண்டியது வேறு. விளக்குச் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தேங்கி நிற்கும்.

முடிவுரை

விபத்துகள் பல நம் கையில் இல்லை. புயலை நாம் நிறுத்த முடியாது. ஆனால் மூடிய அறையில் நெருப்பை விட்டுவிட்டு உறங்காதிருப்பது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒரு சன்னலைத் திறக்கும் கை போதும்.

இக்கட்டுரையைப் படிக்கும் தோழியரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. இன்று வீட்டுக்குச் சென்றதும் குளியலறை வெண்டிலேட்டரை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அடைபட்டிருந்தால் அப்பாவிடம் சொல்லித் திறக்கச் செய்யுங்கள். பிள்ளை பெற்ற அக்காள் வீட்டில் இருந்தால் சாம்பிராணிச் சட்டி எங்கே வைக்கப்படுகிறது என்று கவனியுங்கள். பக்கத்து வீட்டாருக்கும், தமிழ் அறியாத தொழிலாளர் குடும்பங்களுக்கும் அறிந்த மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். உயிர்மூச்சு இறைவன் தந்த கொடை. அதைக் காப்பதும் ஒரு செபமே.

நெருப்பைப் போற்றுவோம், அதற்கு வழி விடுவோம், நாமும் நலமாய் மூச்சு விடுவோம்!